உலகம் அழிந்த பிறகும் ஓடும் வண்டி!

பையன்கள் இருக்கிற வீட்டில் உடைந்த பொம்மைக்குப் பஞ்சமே இராது. சக்கரம் போன லாரி, கதவு கழன்ற கார், பேட்டரி கசிந்து நின்றுபோன ரயில் என்று ஒரு அட்டைப் பெட்டி நிறையச் சேர்ந்து பரணில் உட்கார்ந்திருக்கும். ஆயுத பூஜைக்கு வீடு ஒதுங்க வைக்கும்போதெல்லாம் பழைய சாமான் எடுப்பவரிடம் அதைப் போட்டுவிடக் கை பரபரக்கும். போடாதீர்கள், சகோதரிகளே! அந்தப் பெட்டியில் ஒரு பிரமாதமான கைவேலைக்கு வேண்டிய சாமான் அத்தனையும் இருக்கிறது.

கடைகளில் 'மாடல் கிட்' என்று விற்கிறார்கள். கார், டாங்கி, விமானம் இவற்றின் பாகங்களெல்லாம் சின்னச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். வெட்டி எடுத்து, படத்தைப் பார்த்து ஒட்ட வேண்டும். விலை ஆயிரத்தைச் சுலபமாகத் தாண்டி விடுகிறது. ஒட்டி முடித்தால் அட்டையில் போட்டிருக்கும் அதே கார்தான் வரும். வேறு எதுவும் வராது. நான் சொல்லப் போவது வேறு வேலை. அரைகுறையாக மிஞ்சிய இரண்டு மூன்று கிட்டுகள், உடைந்த பொம்மைகள், சமையலறைக் கழிவு எல்லாவற்றையும் கலந்து, உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு வண்டியைக் கட்டுவது. அதிலும் இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பிடித்தது 'உலகம் அழிந்த பிறகு ஓடுகிற வண்டி'. துருப்பிடித்து, தகரம் தகரமாக ஒட்டுப் போட்டு, பார்த்தாலே பயமாக இருக்கும். கேட்டதும் எனக்கும் முகம் சுளித்தது வாஸ்தவம்தான். "ஏண்டா, நல்லதா ஒரு அம்பாசிடர் செய்யக் கூடாதா?" என்றேன். பதிமூன்று வயதுப் பிள்ளை. நம் பேச்சா எடுபடும்!

இந்த மோகத்துக்கு மூலம் ஒரு சினிமா. 1979-ல் ஆஸ்திரேலியாவில் 'மேட் மேக்ஸ்' என்று ஒரு படம் வந்தது. அதை எடுத்த ஜார்ஜ் மில்லர் ஒரு டாக்டர்! இளம் வயதில் சிட்னி மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்து, வாகன விபத்தில் அடிபட்டு வருகிறவர்களைக் கண்ணால் பார்த்தவர். அதனால்தானோ என்னவோ, அவர் படத்தில் வண்டிகளைப் பார்த்தாலே வயிறு கலங்குகிறது. 2015-ல் வந்த அதே வரிசைப் படத்தில் 1959-ம் வருஷத்து கேடிலாக் கார் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி ஒரே வண்டியாகக் கட்டியிருந்தார்கள். அந்தப் படத்தின் கலை அமைப்புக்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. படங்கள் சிறுவர்களுக்கு ஏற்றவை அல்ல. வெட்டும் குத்தும் அதிகம். என் மகனுக்கு நான் காட்டவில்லை. வண்டிகளின் படத்தை மட்டும் பார்த்துக் கொண்டான்.

கிட்டுகளைக் கலந்து கட்டுவது அதற்கும் முந்திய வித்தை. 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் விண்வெளிக் கப்பல்களின் மேல் பொடிப்பொடியாகக் குழாயும் பெட்டியுமாகத் தெரிகிறதே, அவற்றில் பல கடையில் வாங்கிய டாங்கி, கார் கிட்டுகளின் பாகங்கள்தான்!

இதெல்லாம் வெள்ளைக்காரர் வித்தை என்று நினைத்துவிட வேண்டாம். நம் கோயமுத்தூரில் இதையே நிஜ வண்டியில் செய்தவர்கள் இருக்கிறார்கள். கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஹோட்டலில் வேலை செய்து சேர்த்த காசில் ஒரு வெள்ளைக்காரரின் பழைய ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, திருகு திருகாகக் கழற்றி, மறுபடி பூட்டிப் பார்த்துத்தான் எந்திரம் கற்றுக் கொண்டார் என்று இந்த ஊரில் சொல்லாதவர் இல்லை. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரு பஸ் விட்டவரும் அவரே. அவர் பெயரால் அவிநாசி ரோட்டில் 2015-ல் திறந்த கார் மியூசியத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். பழைய வண்டிகளை அக்கம்பக்கம் நின்று பார்த்தால்தான் மட்கார்டு எங்கே முடிகிறது, படி எங்கே ஆரம்பிக்கிறது என்பது கண்ணில் படியும்.

அப்புறம் கரிவர்தன். மாருதி காரின் எஞ்சினை வைத்து ஒற்றை ஆள் பந்தயக் கார்களைக் கோவையில் கட்டியவர். அந்த 'ஃபார்முலா மாருதி' கார்களில் ஓட்டப் பழகிய நம்மூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன்தான் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்து போனார். செட்டிபாளையம் பக்கம் இருக்கிற பந்தயப் பாதைக்கு அவர் பெயர்தான்.

இன்னும் கிழக்கே போனால் கேட்கவே வேண்டாம். கம்பெனியிலிருந்து எஞ்சினும் அடிச்சட்டமுமாக வருகிற லாரிக்கு உடம்பு கட்டுவது நாமக்கல்லில். பஸ்ஸுக்குக் கரூரில். லாரியின் முதுகில் துளை போடும் கோபுரத்தையும் கம்ப்ரஸரையும் ஏற்றி போர் போடும் ரிக் வண்டியாக்கி, வடநாடு முழுக்க ஓட்டுகிறவர்கள் திருச்செங்கோட்டுக்காரர்கள். ஆக, 'கலந்து கட்டுகிற' வேலை கொங்கு நாட்டுக்குப் புதுசு இல்லை!

ரிக் வண்டி என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. என் மகன் முதலில் படத்தில் பார்த்தபடி வண்டி நெடுகத் துப்பாக்கியாக வைத்தான். ஸ்கெட்ச் பேனா மூடி, ஊக்கு, ரீஃபில் எல்லாம் பீரங்கி ஆகிவிட்டன. அப்போது என் அம்மா சுல்தான்பேட்டைப் பக்கம் ஊரிலிருந்து வந்திருந்தார். வெற்றிலையை மடித்தபடி ரொம்ப நேரம் அதைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

"என்ன கண்ணு இது?"

"உலகம் அழிஞ்ச பின்னால ஓடற வண்டி, அமுச்சி. எல்லாரும் சண்டை போட்டுக்குவாங்கல்ல, அதுக்குத்தான் துப்பாக்கி."

"உலகம் அழியறதுன்னா எப்படி இருக்கும்னு நெனச்சுட்டு இருக்கறே? இடி இடிக்கும், தீப் புடிக்கும்னா? ஒண்ணும் இருக்காது சாமி. மோட்டார் ஓடற சத்தம் நின்னு போகும். அவ்வளவுதான்."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. 2016-ல் இரண்டு பருவ மழையும் பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் 32 ஜில்லாவையும் வறட்சி பாதித்ததாக அரசாங்கம் அறிவித்ததே, அந்த வருஷத்தைத்தான் அவர் சொல்கிறார். தோட்டத்தில் தென்னை ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தது. இரண்டு தடவை ரிக் வண்டி வந்தது. இரண்டாவது போர் ஆயிரம் அடி தாண்டியும் புகைதான் வந்தது, தண்ணீர் வரவில்லை. அப்பா திண்ணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ராத்திரி முழுக்க அந்தச் சத்தம் கேட்டுக் கொண்டிருந்ததாம், விடியற்காலம் நின்று போனதாம். மகனுக்கு அப்போது ஐந்து வயசு. தூங்கியிருப்பான் என்று நினைத்தோம். "எனக்கு ஞாபகம் இருக்குது அமுச்சி, வெள்ளையா மாவு மாதிரி எல்லாத்து மேலயும் படிஞ்சிருந்துச்சு" என்றான்.

மறுநாள் பார்த்தால் துப்பாக்கி பூராவும் கழற்றிப் பெட்டியில் கிடந்தது. லாரியின் மேல் ரிக் கோபுரம் ஏறிக் கொண்டிருந்தது! அமுச்சி கிழவிக்கு அன்றைக்கு அவனே காபி கொண்டுபோய்க் கொடுத்தான். நான் எதுவும் கேட்டுக் கொள்ளவில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் அளவு. கிட் பெட்டியின் மேல் 1:24, 1:35 என்று போட்டிருக்கும். நிஜத்தில் 35 சென்டிமீட்டர் என்றால் பொம்மையில் 1 சென்டிமீட்டர் என்று அர்த்தம். காருக்கு 1:24 சகஜம், ராணுவ வண்டிகளுக்கு 1:35. ஐந்தரை அடி மனிதன் 1:24-ல் 7 சென்டிமீட்டர் இருப்பான். 1:35-ல் 5 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அட்டையில் ஒரு ஆள் வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாகத்தையும் அவன் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இதில் ஒரு சூட்சுமம்: மனிதன் தொடுகிற பாகங்கள், அதாவது சீட், ஸ்டியரிங், கதவுப் பிடி, ஏறும் படி இவை மட்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். குழாய், டாங்கி, பெட்டி, புகைபோக்கி எந்த அளவிலிருந்தும் வரலாம். அவற்றுக்கு நிஜத்திலேயே இன்ன அளவு என்று கிடையாதே!

பெரியப்பா பையன் பாதியில் விட்டுப் போன 1:35 ராணுவ லாரிக்குச் சக்கரம் இல்லை. 1:24 காரின் சக்கரத்தை மாட்டினான். பொருத்தமாக உட்கார்ந்தது! காரணம் கணக்குத்தான். இரண்டரை சென்டிமீட்டர் சக்கரம் 1:24-ல் கார் டயர். அதுவே 1:35-ல் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர், அதாவது லாரி டயர். வகுத்தல் கணக்கென்றால் வயிற்றுவலி வருகிற பிள்ளை இதை வாய்க்கணக்காகச் சொன்னான். (பரீட்சையில் சொன்னால் தேவலை.)

மற்ற சாமானுக்கு நம் வீட்டைச் சுற்றினால் போதும். தேய்ந்துபோன மிக்ஸி கப்ளர் பல்சக்கரமாகி விட்டது. பழைய பையின் ஜிப் சங்கிலி ஆயிற்று. ஜாக்கெட் ஹூக் வண்டியை இழுக்கும் கொக்கி. பிரஸ் பட்டன் சக்கரத்தின் நடுக் குமிழ். கொசுவலைத் துண்டு ஜன்னல் கம்பி வலை. மாத்திரை அட்டையின் குமிழ் முன்விளக்குக் கண்ணாடி. உடைந்த கிரேன் பொம்மையின் கை கோபுரமாக, முறிந்த குடையின் கம்பிகள் துளை போடும் ராடுகளாக அடுக்கிக் கொண்டன. குடைக் கம்பியையும் தகரத்தையும் வெட்டித் தருவது பெரியவர்கள் வேலை. முனையை அரம் போட்டு மழுக்கியே கையில் கொடுங்கள். பட்டறையில் கிடைக்கும் லேத் சுருள் அழகாக மின்னும், ஆனால் பிளேடு மாதிரி விரலைக் கிழிக்கும், வீட்டுக்குள் விடாதீர்கள். கொசு மருந்து தீர்ந்த குப்பியும் தண்ணீர் டாங்கி மாதிரியே இருக்கிறது. எத்தனை கழுவினாலும் மருந்து ஒட்டியிருக்கும். அது வேண்டவே வேண்டாம்.

ஒட்டும்போது 'ஏன் நிற்க மாட்டேனென்கிறது?' என்று பிள்ளைகள் அழுவார்கள். பிளாஸ்டிக்கில் ஜாதி உண்டு. அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 6 என்றால் கிட் செய்கிற பிளாஸ்டிக். அதற்கென்று விற்கும் பசை இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கி விடும். 2, 4, 5 போட்டிருந்தால் சாதாரணமாக எந்தப் பசைக்கும் மசியாது. மாத்திரை டப்பா, மருந்துக் குப்பி பெரும்பாலும் இந்த ஜாதி. துளை போட்டு மெல்லிய கம்பியால் தைக்க வேண்டியதுதான். இந்த மாதிரி வண்டிக்கு அந்தக் கம்பிக்கட்டே அழகு!

இனி வர்ணம். இங்கேதான் மாயம் நடக்கிறது. அதுவரை சிவப்பு, மஞ்சள், பச்சை என்று குப்பைத் தொட்டி மாதிரி இருந்த வண்டிக்கு முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சுக் கொடுத்தால், எது மிக்ஸி, எது டாங்கி, எது குடை என்றே தெரியாமல் எல்லாம் ஒரே இரும்பாகி விடும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வர்ணமே போதும். நாற்றமில்லை, கையைக் கழுவினால் போய்விடும். ஸ்ப்ரே டப்பா அடிப்பதானால் மொட்டை மாடியில், முகமூடி போட்டு, காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று அடிக்க வேண்டும். ஆடி மாதத்தில் எங்கள் ஊரில் அந்த வேலை ஆகாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வர்ணத்தைப் பக்கத்து வீட்டுத் துணியில் அடித்து விடும்!

துருவுக்கு நம் உப்பு ஜாடி. வண்டி முழுக்கச் செங்காவியும் பழுப்புமாகத் துரு நிறம் பூசி, நன்றாகக் காய்ந்ததும் மேலே ஒரு வார்னிஷ் பூச்சு. அதுவும் காய்ந்த பிறகு, துரு தெரிய வேண்டிய இடங்களில் மட்டும் தண்ணீர் தொட்டு நனைத்து உப்பைத் தூவ வேண்டும். பொடி உப்பு மட்டும் போட்டால் அம்மைத் தழும்பு மாதிரி ஒரே சீராக வரும். கல் உப்பை ஒன்றிரண்டாக நுணுக்கிப் பொடியுப்போடு கலந்தால்தான் இயற்கையாக இருக்கும். தண்ணீர் உலர்ந்ததும் உப்பு அப்படியே ஒட்டிக் கொள்ளும். அதன்மேல் வண்டியின் நிறம். பிரஷ்ஷால் இழுத்தால் உப்பு கூடவே வந்து விடும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பிய்த்து, கெட்டி வர்ணத்தைத் தொட்டுத் தொட்டு ஒற்ற வேண்டும். காய்ந்த பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் உப்பு உதிர்ந்து, உள்ளே இருக்கும் துரு திட்டுத் திட்டாகக் கண் திறக்கும். பத்து வருஷம் மழையில் நின்ற லாரி தோற்றது போங்கள்!

அடுத்து, கரும்பழுப்பு வர்ணத்தைக் காபி டிகாக்ஷன் மாதிரி நீர்க்கக் கரைத்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டுத் தடவினால், இடுக்கில் எல்லாம் ஓடி அழுக்காக நிற்கும். சோப்பு இல்லாவிட்டால் முத்து முத்தாக உருண்டு நின்று விடும். கடைசியில் புழுதி. கருமண், செம்மண் இரண்டும் நம் பக்கம் கிடைக்கும். வெயிலில் காயவைத்து, மருந்துச் சரக்கை வஸ்திரகாயம் செய்வது போல மெல்லிய துணியில் சலித்து, நீர்த்த வெள்ளைப் பசை தடவிய இடத்தில் தூவலாம். என் மகன் மண் போடவில்லை. கோலமாவைச் சலித்து எடுத்துக் கொண்டான். போர் போடும்போது வரும் கல் புகை வெள்ளையாகத்தான் இருக்குமாம்.

இப்போது தாய்மார்கள் கவனிக்க வேண்டிய சங்கதி. பரணில் பழைய எனாமல் டப்பா இருந்தால் அதை எடுக்க விடாதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பிரஷ் முனையை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கமும் கூடாது. உப்புத்தாள் தேய்ப்பதானால் நனைத்துத் தேய்த்தால் தூள் மூக்கில் ஏறாது.

உடனே ஒட்டும் பசை விரலில் பட்டு இரண்டு விரல் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், தோல் கிழியும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு மெல்ல உருட்டிப் பிரிக்கலாம். பருத்தித் துணியில் அது சிந்தினால் சட்டென்று சூடேறித் தோலைச் சுடும். பனியனில் துடைக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவி நேரே கண் டாக்டரிடம். இமையைப் பிரித்துப் பார்க்கும் வைத்தியம் வேண்டாம்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, வண்டிக்கு விளக்கு எரிய வைக்கிறேன் என்று கொண்டு வரும் பட்டன் பேட்டரி. கைக்குழந்தையோ, தவழ்கிற குழந்தையோ இருக்கிற வீட்டில் அதைச் சாமான் பெட்டியில் போட்டு வைப்பது தேளைப் போட்டு வைப்பது போல. விழுங்கிவிட்டால், முக்கியமாக ஒரு ரூபாய்க் காசு அளவிலான லித்தியம் பேட்டரியானால், உணவுக்குழாயில் சிக்கி இரண்டே மணி நேரத்தில் உள்ளே வெந்து ஓட்டை விழலாம். தீர்ந்துபோன பேட்டரிக்கும் அந்தச் சக்தி உண்டு. குழந்தை நன்றாக விளையாடிக் கொண்டிருந்தாலும் காத்திருக்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, சோறு, பால் கொடுத்துத் தள்ளப் பார்க்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, எக்ஸ்-ரே வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஒரு வயது தாண்டிய குழந்தையாக இருந்து, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், போகிற வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு டீஸ்பூன் தேன், அதிகபட்சம் ஆறு தடவை கொடுக்கலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். தேன் தேடுவதற்காக ஒரு நிமிஷமும் தாமதிக்க வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. பொம்மையிலிருந்து கழன்று விழும் சின்னக் காந்தங்களும் இதே ரகம். இரண்டை விழுங்கினால் உள்ளே குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று பிடித்துக் கொள்ளும்.

எங்கள் வீட்டுக்கு நாத்தனாரின் இரண்டு வயதுப் பேத்தி அடிக்கடி வருவாள். அதனால் விளக்கு வேண்டுமென்றால் பென்சில் பேட்டரி, அதுவும் திருகு போட்டு மூடுகிற பெட்டிக்குள் என்று கண்டிப்பாகச் சொல்லி விட்டேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டிருந்தான். பிறகு அந்தப் பெட்டிக்கே துரு நிறம் அடித்து, வண்டியின் டீசல் டாங்கி ஆக்கி விட்டான்!

வேலை முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. புதிதாகச் செலவென்று பார்த்தால் வர்ணம், வார்னிஷ், இரண்டு பிரஷ், பசை, அவ்வளவுதான். ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சீட் இருக்கிறது. அதில் அட்டையில் வெட்டிய ஒரு உருவம். வெள்ளைச் சேலை, மடியில் வெற்றிலைப் பை. போர் எங்கே போடுவதென்று இடம் காட்ட ஆள் வேண்டுமாம். அமுச்சி அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, "என்ற மூக்கு இத்தனை பெருசா இருக்குதா?" என்று மட்டும் கேட்டார்.